கொய்யா என்று நான் சொன்ன மரம்

வெள்ளவத்தை
சனி இரவு

மதிப்புக்குரிய உமாசுதன் மாமாவுக்கு,

மேல்மாடி ஹம்சிகா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, நீங்கள் கீழே தும்முவது மேலே கேட்கிறது. அம்மா தூங்கிய பிறகு குளியலறையில் இருந்து எழுதுகிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம்.

வாசலில் நிற்கும் கொய்யாவின் காய் ஏன் பழுக்கவில்லை என்று பார்க்க, நாளைக்கு விவசாய அதிகாரியைக் கூட்டிவரப் போகிறீர்களாம். மாமா, அது கொய்யா அல்ல. ஜனவரியில் உங்கள் காரை நிறுத்த இடம் வேண்டுமென்று அதை வெட்ட ஆள் பிடித்தீர்கள். அப்போது மரத்தில் இலையே இல்லை. பட்டை வழுவழுப்பாக, செதில் செதிலாக உரிந்து நின்றதால் கொய்யா என்று நம்பித்தான், "மாமா, இது கொய்யா, வெட்டாதேங்கோ!" என்று கத்தினேன். நீங்களும் பழத்துக்கு ஆசைப்பட்டு விட்டுவிட்டீர்கள். பிறகு இலை வந்தது, சின்னதாக, காம்பே இல்லாதது போல. என் வகுப்பு றமீலா ஒன்றைக் கசக்கி, "கொய்யா இலையெண்டா மணக்குமடி, இது சும்மா பச்சைத் தண்ணி" என்றாள். உனக்குத் தடிமன் என்று சொல்லி அனுப்பினேன். மே மாதம் பூத்தது. ரோஸ் நிறம், ஆறு இதழ், ஒவ்வொன்றும் கசக்கிய மெல்லிய கடதாசி போல. "கொய்யாப் பூ வெள்ளையெல்லோ?" என்று அம்மா கேட்க, ஜப்பான் கொய்யா என்றேன். அரை மணித்தியாலத்தில் எல்லா மாடிக்கும் ஜப்பான் போய்விட்டது. பச்சையாகக் குண்டு குண்டாய்க் காய் வந்ததும் நீங்கள் வௌவாலுக்கு வலை கட்டினீர்கள். கயிற்றைப் பிடித்துத் தந்தது நான்தான். காய் மரக்கட்டையாகி ஆறாக வெடித்து, சிறகு வைத்த விதை பறந்தது. இரண்டாம் மாடி சிவபாதசுந்தரம் அங்கிள் ஒரு காயைக் கடித்துக் கட்டுப்பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, "பிள்ளை, இது பழமோ பலகையோ?" என்றார். இன்னும் பழுக்கவில்லை அங்கிள் என்றேன்.

பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகத்தில் பட்டை, இலை, பூ, காய் நான்கும் பொருந்துகின்றன. அது கிரேப் மேர்ட்டில். சிங்களத்தில் முருத என்கிறார்களே, அதன் சின்ன உறவு. தின்ன ஒன்றும் தராது, பூக்கத்தான் தெரியும். பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன் மாமா. என்னை ஏசுங்கள், மரத்தை வெட்டாதீர்கள்.

மாமிக்கும் உங்களுக்கும் பிள்ளையார் நல்ல சுகம் தரட்டும்.

பணிவுடன்,
ஹம்சிகா

பி.கு. (ஞாயிறு காலை, வேறு தாளில்): விடியற்காலையில் உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளிய கடிதத்தை வாசிக்க வேண்டாம். அதைத் தள்ளிவிட்டுத் திரும்ப, மூன்றாம் மாடி பத்மாவதி ஆன்ட்டி மரத்தடியில் சாமிக்குப் பூ ஆய்ந்துகொண்டு நின்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். "விசரி! முதல் பூவிலேயே எல்லாருக்கும் தெரியும். கொய்யா எண்டபடியால்தானே உன்ர மாமா கத்தியை எடுக்கேல்லை. அந்த மனுசனிட்டை மூச்சு விடாதை" என்றார். நான் விடவில்லை. அதிகாரி வர வேண்டாம் மாமா. அது கொய்யாதான், அடுத்த வருடம் பழுக்கும்.