மலை முன்னேறுகிறது

உலகத்தில் எங்கள் மலையைப் போல முன்னேறிய மலை வேறு கிடையாது. போன மழையில் மேல்சரிவு முழுசாக முன்னேறி ரோட்டுக்கே வந்துவிட்டது.

இந்தப் பெருமையில் அப்பாவுக்குப் பெரும்பங்கு உண்டு. லாட்ஜ் உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் அவர். மரங்கள் 'வியூ'வை மறைக்கின்றன என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவரே. மரங்களை வெட்டினார்கள், 'வியூ' திறந்தது. திறந்த இடத்தில் எதிர் லாட்ஜ் எழுந்தது. இப்போது அவர்களுக்கு நாங்கள் 'வியூ', எங்களுக்கு அவர்கள் காயப்போடும் போர்வைகள். ஊற்று வற்றிவிட்டதால் தண்ணீரும் கௌரவமாக லாரியில் வருகிறது.

நானும் தங்கையும் படுப்பது பின்னறையில். எங்கள் லாட்ஜுக்காக மலையைச் செங்குத்தாக வெட்டினார்களே, அதை ஒட்டிய அறை. சுவரில் ஒரு விரிசல். முதலில் நகம் நுழைந்தது. இப்போது தங்கை அதில் சீப்பைச் செருகி வைக்கிறாள்.

"அப்பா, விரிசல் பெருசாகுதுப்பா. மழை பெஞ்சா தூக்கமே வரல."

அப்பா அதன்மேல் ஒரு படத்தை மாட்டினார். மரங்களோடு இருந்த காலத்து எங்கள் மலை.

"இப்ப தெரியுதா?"

"தெரியலப்பா."

"அப்புறம் என்ன? போய்ப் படி."

நேற்று எங்கள் வரவேற்பறையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். கூப்பிட்டு வந்த இன்ஜினியர், "மண்ணைப் பிடிச்சிக்க வேரே இல்ல சார். இனிமே மேல மாடி ஏத்தாதீங்க" என்றார்.

"மாடி ஏத்தலன்னா பக்கத்துல இன்னும் மலையை வெட்டணுமே. பாவம் இல்லையா?" என்றார் இயற்கை ஆர்வலரான தலைவர்.

முடிவில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'நிலச்சரிவு' என்று இனி யாரும் சொல்லக்கூடாது, 'இயற்கையின் அசைவு' என்றே சொல்ல வேண்டும். இன்ஜினியருக்கு டீ வரவில்லை.

இன்று சாயங்காலம் மழையில் நனைந்துகொண்டு ஒரு குடும்பம் வந்து நின்றது. எல்லா அறையும் நிரம்பியிருந்தது. அப்பாவும் அம்மாவும் வரவேற்பறையில் குசுகுசுத்தார்கள். விரிசல் அந்தச் சுவர்வரை ஓடியிருப்பதால் எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"பின்னறையைக் குடுத்துடலாங்க. பிள்ளைங்க நம்மகூட படுத்துக்கட்டும்," என்றாள் அம்மா.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தலையணையைச் சுருட்டினேன்.

"விளையாடுறியா? அந்தச் சுவரு எப்ப விழும்னே தெரியல. நம்பி வர்றவங்களை அங்க படுக்க வைக்கலாமா? எங்கயாவது ஒரு வார்த்தை எழுதிட்டாங்கன்னா லாட்ஜ் பேரு என்னாகும்?"

"அப்ப நம்ம பிள்ளைங்க?"

"அதுங்க என்ன, ரிவ்யூவா எழுதப் போகுது?"

எழுதுகிறேன்.

அறை விசாலம், நாளுக்கு நாள் இன்னும் விசாலமாகிறது. காற்றோட்டம் பிரமாதம். விருந்தினரின் உயிரைத் தம் உயிராக மதிக்கும் நிர்வாகம். ஐந்து நட்சத்திரமும் தரலாம். தங்குவதற்குத் தாராளமாக வாருங்கள். பிள்ளையாகப் பிறப்பதற்கு மட்டும் வேறு லாட்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள்.