வெயிலுக்கு ஜன்ம விரோதி

வெயில் விரோதி என்று ஓர் இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். சூரியன் உதிப்பதே தன் வீட்டைக் குறிவைத்துத்தான் என்பது இவர்கள் கட்சி.

நம் லாரி ஓட்டுநர் இந்த இனத்தில் முதல் தரம். முப்பது வருஷம் வண்டி ஓட்டி, ஜன்னலோர வலக்கையை மட்டும் கரியாக்கிக்கொண்டு ஓய்வு பெற்றவர், மறுவாரமே பழி தீர்க்கக் கிளம்பினார். தெற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினார். போதாதென்று இன்னொரு முழம் இறக்கினார். இருபுறமும் தகடு அடித்தார். இடுக்கில் எட்டிப் பார்த்த ஒரே ஒரு கீற்றையும் சாக்கைத் திணித்து அடக்கினார். வெயில் தோற்றது. கூடவே காற்றும் வெளிச்சமும் ஓடிப்போயின. அதனாலென்ன? பட்டப்பகலில் ஒரு மங்கல் விளக்கைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்:

"எப்படி, குளுகுளுன்னு இருக்கா?"

"அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அந்த ஜன்னலடியில்தான் அவளுடைய தையல் மெஷின்.

"பழகிடும்."

பழகவில்லை. வக்கீலம்மா ஒருத்தி தன் கறுப்புக் கோட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியவள், அதே வேகத்தில் திரும்பினாள். "என்னம்மா இது, கறுப்புக் கோட்டுல நீல நூலு?"

இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு சொல் கேட்டதில்லை. மனைவி மெஷினைத் தூக்கித் தெருவோர நிழலில் போட்டுத் தைக்க ஆரம்பித்தாள். போகிறவன் வருகிறவனெல்லாம், "என்னண்ணே, வீட்ல இடமில்லையா?" என்றான்.

மனுஷருக்கு உறைத்தது. உள்ளே போய் அவள் முக்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். பதினோரு முறை. விரலில் ரத்தம் வந்ததே தவிர நூல் ஏறவில்லை. வெல்டிங் வேலை செய்யும் மைத்துனனுக்கு ஆள் அனுப்பினார்.

அவன் வந்து, பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, உச்சி வெயில் மேலேர்ந்து வருது, காத்து குறுக்கால வருது. மேல தடுத்தா போதாதா? குறுக்க எதுக்குச் சுவரு?"

சாய்ப்பின் கீழ்ப்பாதியை வெட்டினான். சூடு மேலே போகச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டான். காற்று வரும் பக்கத் தகட்டைக் கழற்றி, எதிர்ப்பக்கத் தகட்டை மட்டும் நிறுத்தினான். தெருவோடு போன காற்று அதில் முட்டி உள்ளே திரும்பியது. அவள் தையல் அளவு எழுதி வைத்த தாள்கள் அறையெங்கும் பறந்தன.

மெஷினைத் தன் தோளிலேயே சுமந்து உள்ளே வைத்தார் ஓட்டுநர். "அந்தக் கோட்டு நீல நூலைப் பிரிச்சுத் தரட்டுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"முதல்ல அந்தத் தாளையெல்லாம் பொறுக்குங்க" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் யாரோ அரிசியில் கல் பொறுக்கத் தட்டோடு வாசலுக்குப் போகிறார்களே, அது காற்று வாங்கத்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது?