உடையார்பாளையத்துச் சுறா நிபுணர்

கண்ணுக்கெட்டாத ஆபத்துகளுக்கு மட்டும் நடுங்குகிற ஓர் இனம் நம்மோடுதான் வாழ்கிறது. இவர்களில் ஒருவரையாவது நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. விமானத்தில் போகப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எந்த நாட்டில் எது விழுந்தது என்று கதை சொல்லி வழியனுப்புவார்கள். மலைக்குப் போகிறேன் என்றால் மண்சரிவு. கடலுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் இவர்கள் வீட்டு ஃபேன் சுவிட்ச் வருஷக்கணக்கில் ஷாக் அடித்துக்கொண்டிருக்கும். துண்டைச் சுற்றிக்கொண்டு அதைப் போடுவார்கள். பழகின ஆபத்து, என்ன செய்துவிடப் போகிறது?

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி வேண்டுமென்றால் உடையார்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் இராமலிங்கத்தைப் பார்க்கலாம். கடலை அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணியில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனையும் மட்டும் பார்த்திருக்கிறார். அந்த அனுபவத்தோடு செல்போன் வீடியோக்களும் சேர்ந்துகொண்டதில், சுறா விஷயத்தில் அவரை அசைக்க ஆளில்லை. யூரியா வாங்க வந்தவர்களெல்லாம் சுறாவுக்கு எத்தனை வரிசைப் பல் என்று தெரிந்துகொண்டு போனார்கள். சிலர் யூரியாவை மறந்துவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்டவரின் தங்கை மகள்தான் கடலுக்குள் இறங்கப் போகிறேன் என்றாள்.

பானுப்ரியா கடல் உயிரியல் படித்தவள். அந்தமானில் பவளப்பாறைகளை ஆராய்கிற வேலை ஒன்று வந்திருந்தது. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகக் கற்றுக்கொண்டால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா வீரமுத்து, "மச்சான் ஒரு வார்த்த சொல்லட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா அம்சவள்ளிக்கோ, அண்ணன் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை. ஆக, படித்துத் தேறி, நேர்முகத் தேர்விலும் வென்று வந்த ஒரு பெண்ணின் எதிர்காலம், கணுக்கால் நனைந்த தாய்மாமனின் வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் அரியலூருக்குத் தங்கை வீடு தேடி வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். உள்ளே ஒரு பல்.

"சுறாப்பல்லு அம்சா. சுண்ணாம்புக்கல் தோண்டுற பக்கம் கெடச்சது."

"நம்ம ஊருலயா? இங்க ஏதுண்ணே சுறா?"

"ஒரு காலத்துல இதெல்லாம் கடலு. இந்தக் காஞ்ச காட்டுலயே இப்புடிக் கெடக்குன்னா, அந்தமான்ல எப்புடி இருக்கும்னு நீயே நெனச்சுப் பாரு."

அம்சவள்ளி நினைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, அது செத்து ஏழு கோடி வருஷம் ஆவுது" என்றாள் பானுப்ரியா.

"அது செத்துருச்சு. பல்லு சாவலியே. தொட்டுப் பாரு, எம்புட்டுக் கூரா இருக்குன்னு."

அவளும் விடவில்லை. முக்குளிக்கிறவர்களைச் சுறா கடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம், பெரும்பாலான சுறாக்கள் மனிதனைக் கண்டால் விலகிப் போய்விடும், நாமாகப் போய்ச் சீண்டாமல் இருந்தால் போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "உண்மையான ஆபத்து வேற மாமா. மூச்ச அடக்கிக்கிட்டு மேல வரக்கூடாது, வேகமாவும் வரக்கூடாது, காத்து எவ்வளவு மிச்சம்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அதத்தான் முக்கியமா சொல்லித் தருவாங்க."

"மூச்சு கெடக்கட்டும். பல்லுக்கு வழியச் சொல்லு."

பாருங்கள், இதுதான் இந்த இனத்தின் உயிர்நாடி. பல் இல்லாத ஆபத்து இவர்களுக்கு ஆபத்தே இல்லை. மூச்சை ஒழுங்காக விடு என்று சொன்னால் கடைக்கு வந்தவன் உட்கார்ந்து கேட்பானா? சுறா என்றால் கேட்பான். இராமலிங்கத்துக்குத் தங்கை மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தைவிட, தான் எச்சரித்தவன் என்ற பெருமை ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான்.

"புள்ள போவ வேணாம்ணே" என்று அம்சவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பானுப்ரியா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காரியம் முடிந்த திருப்தியில் இராமலிங்கம் பல்லைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்து. தங்கையை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினார். அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்: சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு வரும். நம்மவரின் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கியது. போலீஸ் நிற்கிற இடம் வந்தால் அது தலைக்கு ஏறும். தாண்டியதும் கண்ணாடிக்கே திரும்பிவிடும். செல்போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில். அழைத்தவன் பேசி முடித்ததும், விட்ட இடத்திலிருந்து சுறா ஆரம்பமானது.

"ரோட்டப் பாருண்ணே" என்றாள் அம்சவள்ளி.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வாயத் தொறந்துச்சுன்னு வையி, ஒரு ஆள அப்புடியே முழுங்கிடும். எம்புட்டு அகலம் தொறக்கும்னு நெனக்கிற?"

"எனக்கு வேணாம்ணே, நீ வண்டிய ஓட்டு."

"இம்புட்டு" என்று சொல்லி, அகலம் சரியாகத் தெரிய வேண்டுமே என்ற அக்கறையில், இராமலிங்கம் இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினார்.

எதிரே ஒரு லாரி, அதன் ஓரத்தில், அதன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அது ஹாரன் அடிக்க, இவர் பதறிப்போய் ஹேண்டிலைத் தேட, வண்டி ரோட்டை விட்டு இறங்கியது. அம்சவள்ளி மக்காச்சோளக் கொல்லைக்குள் போய் விழுந்தாள். இராமலிங்கம் வாய்க்கால் கட்டையில் கையை ஊன்றினார். சுறாவின் வாயை விரித்துக் காட்டிய வலது கை மணிக்கட்டில் ஒடிந்தது. ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

லாரி தாண்டிப் போய், புழுதி அடங்கின பிறகு, அம்சவள்ளி சோளத்தட்டைகளுக்கு நடுவில் எழுந்து உட்கார்ந்தாள். பட்டுச்சேலை முழுக்க மண். முழங்கை சிராய்த்திருந்தது. முனகிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"எம் புள்ள கடலுக்கே போவட்டும்ணே" என்றாள். "அங்கன்னா நீ வண்டி ஓட்டிக்கிட்டு வர மாட்ட."

பானுப்ரியா அந்தமானுக்குப் போய்விட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு உரக்கடையில் உட்கார்ந்திருந்தவரை வந்தவர்களெல்லாம் விசாரித்தார்கள். லாரிக்காரன் மேல் தப்பு என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ஊருக்கு முழுக் கதையும் தெரிந்துவிட்டது. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் சுறாவால் கை ஒடிந்த ஒரே ஆள் அவர்தான்.

கட்டுப் பிரித்த சில நாளில் அந்தமானிலிருந்து போன் வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டேதான் எடுத்தார்.

"மாமா, இன்னிக்கு ஒரு சுறாவப் பாத்தேன். பெருசுதான். அது என்னப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

இராமலிங்கம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டார்.

"மொதல்ல அப்புடித்தாம்மா போவும். நம்பிடாத."

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். தலைப்பில் சுறாவைப் பார்த்ததும், கடலுக்குள் அந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகப் போகிறது என்றுதானே பயந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்தீர்கள்? காதுகுத்துக்கு அண்ணனும் தங்கையும் வண்டியில் ஏறியபோது உங்களுக்கு ஏன் ஒன்றும் தோன்றவில்லை?

போகட்டும். உங்கள் ஹெல்மெட் இப்போது எங்கே தொங்குகிறது?