அபு நாசர் முதலில் சுகம் விசாரித்தார்

இக்காஸ்ட், டென்மார்க்,
செவ்வாய்க்கிழமை

பேரன்புக்குரிய பஸ்தியாம்பிள்ளை அத்தானுக்கு, மைத்துனன் ஸ்ரனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் சுகம். ஒப்பரேஷன் செய்த முழங்கால் மடங்கத் தொடங்கிவிட்டதா? றெஜினா அக்காவுக்குப் பிரஷர் இறங்கியதா? நீங்கள் மறுபடி ஓட்டும்வரை காரை எனக்குத் தந்தீர்களே, அந்த உதவியை மறக்கமாட்டேன். பஸ் போகாத தொழிற்சாலைக்கு அதில்தான் போய்வருகிறேன். முன்னுக்கு நன்றாக ஓடுகிறது.

அங்கே அரபு பேசும் தொழிலாளர்களுக்கு நான் ஆங்கிலம் படிப்பிப்பது உங்களுக்குத் தெரியும். போலந்துக்காரர், ருமேனியர் என்று எல்லோரும் கலந்து வேலை செய்வதால் அங்கே ஆங்கிலம்தான் பொது. ஊரில் நான் படித்தபடியே, "மன்னிக்க வேண்டும் ஐயா" என்று தொடங்கும் மரியாதை ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சிரியாவில் துணிக்கடை வைத்திருந்த அபு நாசருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவரும் குடும்பச் சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வராத மனிதர். பரீட்சையில் தேறினால் நிரந்தர வேலை, தவறினால் வீட்டுக்கு. அவருக்கு நாலு பிள்ளைகள்.

பரீட்சை இதுதான்: மேற்பார்வையாளர் நிக்கலஸ் சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டியைப் பின்னுக்கு எடுப்பார், அபு நாசர் வோக்கிடோக்கியில் "ஸ்ரொப்" என்று நிறுத்தச் சொல்ல வேண்டும். இவர் "காலை வணக்கம், மிஸ்டர் நிக்கலஸ். சுகமாக இருக்கிறீர்களா? வீட்டில் மனைவி..." என்று தொடங்கி, பிள்ளைகளுக்கு வருமுன்னே வளவில் நின்ற ஒரு காரின் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. நிக்கலஸ் இறங்கி வந்து, "ஆர் இவருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை இன்னொரு தரம், அதுதான் கடைசி என்றார் அவர்.

வகுப்பில் நான் கண்ணை மூடிக்கொண்டு அலுமாரியை நோக்கி நடப்பது, அவர் கத்தி நிறுத்துவது என்று பழகினோம். கத்தினால்தானே! நெற்றி வீங்கியதுதான் மிச்சம்.

"என்னண்டு மாஸ்ரர் கத்திறது? நீங்கள் மூத்தவர், படிப்பிச்சவர்."

"மண்டை உடையுது, கத்துமப்பா!"

"ஒரு சலாமாவது முதல்ல சொல்ல விடுங்கோ."

"ஸ்ரொப் முதல், சலாம் பிறகு. பிறகு விடிய விடிய விசாரியும்."

வெள்ளிக்கிழமை பரீட்சை தொடங்குமுன்னரே, போனில் கதைத்தபடி நிக்கலஸ், பின்னுக்கு வந்துகொண்டிருந்த வேறொரு போர்க்லிப்டின் வழியில் நடந்துவிட்டார். அபு நாசர் போட்ட "ஸ்ரொப்!" என்ற சத்தத்தில் வண்டி நின்றது, நிக்கலஸ் நின்றார், தூரத்தில் சிகரெட் பிடித்தவன்கூடக் கையை உயர்த்திக்கொண்டு நின்றான். பிறகு அபு நாசர் கிட்டப் போய், "காலை வணக்கம். வீட்டில எல்லாரும் சுகமோ?" என்றார். வெளிறிப்போன நிக்கலஸ், "ஓம், சுகம். மனுசிக்கு மட்டும் தடிமன், ஒரே தும்மல்" என்றார். அன்றே வேலை நிரந்தரம்.

அபு நாசர் வீட்டிலிருந்து திராட்சை இலையில் சோறு சுற்றி எனக்குத் தட்டுத் தட்டாக வருகிறது. போதும் என்றால் இன்னொரு தட்டு வருகிறது. ஆனால் நன்றி உங்களுக்குத்தான் சேர வேண்டும், அத்தான். உங்கள் கார் அங்கே போயிராவிட்டால் இதில் ஒன்றுமே நடந்திராது. அக்காவுக்கும் உங்களுக்கும் ஞாயிறு பூசையில் செபிக்கிறேன்.

என்றும் நன்றியுள்ள,
ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு.: முக்கியமானதை முதலில் சொல்லப் படிப்பித்தவன் நான். அப்பளமானது உங்கள் கார். கொம்பனி திருத்தித் தரும். அதுவரை பின்கதவு திறக்காது. வருகிற ஞாயிறு பூசை முடிய அபு நாசரே மன்னிப்புக் கேட்க என்னோடு ஓல்போர்க்கில் உங்கள் வீட்டுக்கு வருகிறார். உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவராக விசாரித்து முடித்துத்தான் விஷயத்துக்கு வருவார். அதுவரை ஒன்றும் தெரியாதவர்போல் இருங்கள்.