மணப்பெண்ணுக்கு ஹீட்டர் போட்ட கதை

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கர்வம் வந்துவிடும். புதுக் கார்க்காரர்களுக்கு அது புரியாது. அவர்கள் சாவியைத் திருப்புகிறார்கள், வண்டி கிளம்புகிறது, அவ்வளவுதான். எங்களுக்கோ வண்டி கிளம்பும் ஒவ்வொரு காலையும் ஒரு வெற்றி. அந்தக் கர்வம் முற்றிப்போய், சொந்தத் தங்கையை அவள் கல்யாணத்தன்று முக்கால் வேக்காட்டில் சர்ச் வாசலில் இறக்கிவிட்டவள் நான்.

அப்போது குன்னூரில் டீச்சர் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. என் சின்னக் காருக்கு வயது பதினாறு. அதன் நோய்களெல்லாம் எனக்கு மனப்பாடம். பனி விழுந்த காலையில் மக்கர் பண்ணினால் பேட்டரி முனையைக் கழற்றி, அதில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைக்க வேண்டும். பிரேக் கிறீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கும். பின் கண்ணாடிகள் இரண்டும் கதவுக்குள் நழுவி விழுந்துகொண்டே இருந்ததால் நானே மரத்துண்டு செதுக்கி ஆப்பு வைத்து நிறுத்தியிருந்தேன். (அதற்கப்புறம் அவை இறங்கவே இல்லை. மழை உள்ளே வராமல் இருந்தால் போதாதா?) ஸ்டாஃப் ரூமில் யாராவது கார் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், பாடவேளை மணி அடிக்கும்வரை விடமாட்டேன். பாவம், நல்ல மனிதர்கள், கேட்டுக்கொண்டார்கள்.

என் மெக்கானிக் செல்வம் அண்ணன் மட்டும் அசரவில்லை. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பானட்டைத் திறந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

“ஏனுங்க டீச்சர், ரேடியேட்டர் ஓஸ் பைப்பு வெடிச்சிருக்குதுங்க. தண்ணி ஒழுகுது பாருங்க. மாத்திப்போடலாமுங்க.”

“தினமும் தண்ணி ஊத்திட்டுத்தான் இருக்கேன் அண்ணா. கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான்.”

“இங்க ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றதுக்குச் சரிங்க. மேட்டுல ஏத்துனா சூடாயிருமுங்க.”

கல்யாணம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். கல்யாணம் ஊட்டியில். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழி முழுக்க மேடு என்பது இங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமல் இல்லை. மாமா ஒரு பெரிய வெள்ளைக் கார் ஏற்பாடு செய்திருந்தார். “என் தங்கச்சி என் வண்டியிலதான் போவா” என்று அதை நான்தான் வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் தங்கை மெர்சி, பட்டுப் புடவையும் தலையில் முக்காட்டு வலையுமாக. பக்கத்தில் அம்மா. டிக்கியில் வரவேற்புக்கான பன்னீர் பாட்டில்கள். வெளியே தூறல், எங்கும் மூடுபனி. அருவங்காடு தாண்டியதும் சூடு காட்டும் முள் மெல்ல எழுந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கையில் ஒரு வைத்தியம் இருந்தது: இன்ஜின் கொதித்தால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். இன்ஜினின் சூடு காருக்குள் வந்துவிடும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். வீடியோவில் பார்த்தது. அந்த மனிதர் எந்த மணப்பெண்ணையும் ஏற்றிக்கொண்டு செய்து காட்டவில்லை.

ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். முள் இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டியதும் மெர்சி கேட்டாள். “அக்கா, ஏன் இப்படிக் காந்துது?”

“குளிருமேன்னு ஹீட்டர் போட்டிருக்கேன்.”

“எனக்குக் குளுரலையே.”

“இனிமேத்தான் குளிரும்.”

இன்னும் இரண்டு வளைவு. இப்போது அம்மா. “ஏண்டி, எனக்கு மயக்கம் வர்றாப்ல இருக்குது. கண்ணாடிய எறக்கு.”

பின் கண்ணாடிகளைப் பற்றி அப்போதுதான் சொல்ல வேண்டிவந்தது. முன் கண்ணாடிகளை இறக்கினேன். தூறல் நேராகப் பின் சீட்டுக்குப் போய் மெர்சியின் தலையில் விழுந்தது. அலங்காரம் கெடும் என்று அம்மாவே ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். “ஆஃப் பண்ணித் தொலையேன்டி” என்றாள். பண்ணினேன். முள் எழுந்தது. மறுபடி போட்டேன். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தால் மெர்சியின் கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது.

கேத்தி அருகே பானட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தினேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் எனக்கு மனப்பாடம். ஆகவே தெரிந்தவளாகக் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். உள்ளே அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். பாதிகூட நிரம்பவில்லை. அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. டிக்கியைத் திறந்து பன்னீர் பாட்டில்களைப் பார்த்தேன். பிறகு மெர்சியைப் பார்த்தேன்.

“ஊத்துக்கா” என்றாள் மெர்சி. “எல்லாத்தையும் ஊத்து.”

ஆறு பாட்டில் பன்னீர் குடித்துவிட்டு என் கார் கிளம்பியது. ஹீட்டர் வழியே வந்த காற்றில் ரோஜா மணத்தது. அந்த வாசனையில் வெந்துகொண்டே ஊட்டி போய்ச் சேர்ந்தோம், அரை மணி நேரம் தாமதமாக.

சர்ச் வாசலில் மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். சோலூரில் காய்கறி விவசாயம் செய்யும் குடும்பம். வீட்டு மருமகள்கள் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் பிறந்த வீட்டுக்குப் போகலாம் என்பது மாப்பிள்ளையின் அப்பா போட்ட சட்டம். மெர்சி காரை விட்டு இறங்கினாள். சிவந்து வீங்கிய முகம், கரைந்த மை, நெற்றியில் ஒட்டிய முடி. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாத கண்ணு. பொறந்த ஊட்ட உட்டுட்டு வர்றது கஷ்டந்தான். மாசம் ஒருக்கா நானே அனுப்பி வெக்கறேன், செரியா?”

பின்னால் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். “பாத்தீங்களா, புள்ள எப்படி அழுதிருக்குதுன்னு?”

அத்தனை பேர் முன்னால் அந்த மனிதரால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. மெர்சி என்னைப் பார்த்தாள். நான் சர்ச் கோபுரத்தைப் பார்த்தேன். அவள் குனிந்து ஒரு விசும்பல் விசும்பினாள். (பள்ளி நாடகத்தில் மரமாகக்கூட நிற்கத் தெரியாதவள்.)

அடுத்த வாரமே ஓஸை மாற்றினேன். பன்னீர் வாசனை போவதற்குள் செல்வம் அண்ணன் தன் கடைக்கு வந்த எல்லோரிடமும் கதையைச் சொல்லி முடித்திருந்தார்.

ஏழு வருஷம் கழித்து, போன கிறிஸ்துமஸுக்கு சோலூர் போயிருந்தேன். சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது மனசு கேட்காமல் மெர்சியின் மாமியாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கேரட் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

“தெரியுமுங்க டீச்சர். அழுவற புள்ள கை சில்லுனு இருக்கும். இவ கை இட்லிக் குண்டால இருந்து எடுத்தாப்ல இருந்துச்சு. பன்னீரு வாசமும் பானட்டுல இருந்துல்ல வந்துச்சு?”

“அப்புறம் ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?”

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். கணவர் தூரத்தில் தோட்டத்தில் இருந்தார்.

“நானும் இந்த ஊட்டு மருமகதானுங்க. எத்தன வருசம் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போயிட்டு வந்தேன் தெரியுமா? இப்ப மாசாமாசம் அவளக் குன்னூருக்குக் கொண்டுபோயி உடறேன்னு சொல்லிட்டு, அப்படியே நானும் எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன்.”

மாதக் கடைசி சனிக்கிழமை தவறாமல் இருவரும் கிளம்பி வருகிறார்கள். என் காரை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று ஒவ்வொரு மாதமும் நான் கேட்பேன். அவர்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள்.