ஒருவரையும் சேர்க்காத குழல் உபதேசி

கடல் பேசும்போது குறுக்கே பேசிக் கடலையே வாயடைக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் குழல் உபதேசிதான். ஆறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகத்தில் அவர் நின்று, பேச்சைப் பெருக்கும் தகரக் குழலை வாயில் வைத்தால், குளத்தூர்ச் சந்தையில் மீன் பேரம் நின்றுபோகும். திருப்புறத்தில் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். இவ்வளவு சத்தத்தையும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆளைக்கூட அவர் தன் சபையில் சேர்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் என் மாமனார்.

நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்பெஞ்சிலிருந்து பப்பாளித் தண்டு வழியாக "பாவிகளே!" என்று ஒரு குரல் வரும். வகுப்பு சிரித்து ஓயும்வரை, எழுதியதன் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டு நிற்பேன்.

நெய்யாறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு சின்னத் தீவு உண்டு. துருத்து என்போம். அதன் வடகரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கர்கள், கிழக்கே முஸ்லிம் குடும்பங்கள், தெற்கே இந்துக்கள். மாமனாரோ புராட்டஸ்டண்டு சபை உபதேசி. அந்தத் துருத்து முழுவதையும் தன் வழிக்குக் கொண்டுவருவதென்று கிளம்பினார். முதல் நாள் அவர் தீவின் நடுவில் நின்று குழலெடுத்ததும், கட்டிக்கிடந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றில் குதித்தது. மூன்று கரைக்காரர்களும் கூடிப் பேசினார்கள். தீர்ப்பைக் கிழக்குக் கரை மீரான் சாகிபு சொன்னார்.

"உபதேசியாரே, பேசண்டாம்னு நாங்க சொல்லல்ல. ஆனா தரையில கால் வைக்கப்படாது. தண்ணியில நின்னு பேசிட்டுப் போணும்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தோணிப் பிரசங்கம். இவர் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். தோணி ஆற்றொழுக்கில் துருத்தைச் சுற்றி நகரும். நரகம் வடகரையில் முடிந்துவிடும். மனந்திரும்புதல் கிழக்கே நடக்கும். மோட்சம் வரும்போது தோணி தெற்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

"எங்க கரைக்கு மட்டும் என்னத்துக்கு ஓய் எப்பவும் நரகம்?" என்று பத்ரோஸ் அண்ணன் வலையைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு வந்தார். தெற்குக் கரைத் தங்கம்மை அக்காவுக்கு ஏக சந்தோஷம். "நமக்கு ஒண்ணும் செய்யாமலே மோட்சமாக்கும்" என்பாள். ஒரு தடவை அவளுடைய ஆடு காணாமல்போக, ஆசீர்வாதத்துக்கு முந்தி அதையும் குழலில் சொல்லச் சொன்னாள். சொன்னார். ஆடு வந்தது. அவருடைய பேச்சைக் கேட்டு மனந்திரும்பியது அந்த ஆடு ஒன்றுதான் என்று ஊர் சிரித்தது. என் காதுபடவே சிரித்தது.

அப்போது எல்லைக் கிளர்ச்சி சூடுபிடித்திருந்த காலம். நெய்யாற்றின்கரைத் தாலுகா தமிழ் மாநிலத்தோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம் ஊர்வலம். கூடாது என்று இன்னொரு பக்கம் கூட்டம். நாலு பேர் நின்று தமிழில் உரக்கப் பேசினாலே போலீஸ் வரும். அந்த நேரம் பார்த்து மாமனார் பொழிமுகத்தில் நின்று, "புது ராஜ்யம் வருது! எல்லாரும் அதில் சேருங்க!" என்று முழங்கினார். மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. மாமனார் கக்கத்தில் குழலோடு நின்றார்.

"ஏது ராஜ்யமாடோ வரான் போகுந்நது?" என்று மலையாளத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாருக்கும் உள்ள ராஜ்யம் ஏமானே."

"தலஸ்தானம் எவிடெ?" என்று தலைநகரைக் கேட்டார்.

"மேலே."

"மதராசிலோ?"

"அதுக்கும் மேலே."

"அதிர்த்தி?"

"எல்லை, அதிர்த்தி ஒண்ணுமே கிடையாது ஏமானே. ஏமானும் சேரலாம். இப்பவே சேந்தா நல்லது."

மற்றவர்கள் கேட்பது ஒரு தாலுகாதானே, இந்த ஆள் அகில உலகத்தையும் கேட்கிறானே என்று இன்ஸ்பெக்டர் மிரண்டுபோனார். நான் குறுக்கே விழுந்து, அது பரலோக ராஜ்யம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. "இத்தனை வருஷம் மதம் பிரசங்கிச்சா ஒருத்தனாவது சேர்ந்திருக்கணும். யார் சேர்ந்தான்? ஒருத்தனைக் காட்டு, விடுறேன்" என்றார்.

அதற்குள் துருத்திலிருந்து தோணிகள் வந்துவிட்டன. மூன்று கரைக்காரர்களும் ஸ்டேஷன் முற்றத்தில் நின்றார்கள். கேள்வி அவர்கள் காதிலும் விழுந்தது. பத்ரோஸ் அண்ணன் முன்னால் வந்தார். கழுத்தில் மாதா படம் வைத்த உத்தரியம் தொங்கியது.

"நான் சேந்தாச்சு ஏமானே."

"நானும்" என்றாள் தங்கம்மை அக்கா, நெற்றி நிறையச் சந்தனத்தோடு. "போன மாசமாக்கும்."

மீரான் சாகிபு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, "எங்க குடும்பமே சேந்தாச்சு" என்றார்.

இன்ஸ்பெக்டர் சந்தனத்தைப் பார்த்தார், உத்தரியத்தைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். தப்பித்தோம் என்று மாமனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது.

"கள்ளம் ஏமானே" என்றார். குழல் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. "இவங்க பறையது எல்லாம் கள்ளம். என் பேச்சைக் கேட்டு ஒருத்தரும் சேரல்ல. ஒரு ஆளும் இல்ல."

"சும்மா கிடயும் ஓய்!" என்று பத்ரோஸ் அண்ணன் பல்லைக் கடித்தார். தங்கம்மை அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு மனிதர் தன் வாழ்நாள் தோல்வியைப் போலீஸ் முன்னால், ஊர் முன்னால் சொல்லிக்கொண்டு நிற்பதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் மேசைமேல் இருந்த நோட்டை மூடினார். பிறகு, "தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவனுக்கு அரசியல் ஒத்துவராது. கூட்டிக்கொண்டு போ" என்று மலையாளத்தில் என்னிடம் சொன்னார்.

வழியெல்லாம் ஊரார் அவர் முதுகில் தட்டினார்கள். மாமனார் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று என்னிடம், "மருமவனே, இத்தனை காலம் தொண்டை கிழியப் பேசி, கடைசியில அந்த மனுசங்களைப் பொய் சொல்ல வச்சேனே. அதுதான் என் பேச்சுக்கு விளைஞ்சது" என்றார். பிறகு அவர் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. ஞாயிறு வந்தது. பொழிமுகத்தில் கடல் மட்டும் பேசியது.

அதற்கு அடுத்த ஞாயிறு, "துருத்துக்குப் போணும். கூட வாறியா?" என்றார். குழலை எடுக்கவில்லை. குழல் இல்லாத ஆளை யாரும் தடுக்கவில்லை; துருத்தில் இறங்கி வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார். பத்ரோஸ் அண்ணன் பாதி பின்னிய வலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார். தங்கம்மை அக்கா, "எனக்குத்தான் வெக்கமா இருக்கு, நீங்க போங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். பொய் சொன்னவர்களுக்கு இவர் முகத்தைப் பார்க்க வெட்கம். அவர்களைக் காட்டிக்கொடுத்த இவருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். நடுவில் நான்.

மீரான் சாகிபு மட்டும் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய், நாங்க பொய் சொன்னது உம்மகிட்டயா? போலீசுகிட்டயாக்கும். அதுக்கு எங்க படச்சவன்கிட்ட நாங்க கணக்குச் சொல்லிக்கிடுவோம். நீரு ஏன் வேய் இப்பிடி இளைச்சுப் போனீரு? வாரும், மரச்சீனிக் கிழங்கு அவிச்சிருக்கு."

சுருக்கிப் பேசத் தெரியாத மனிதர் அன்று ஒரு வார்த்தையும் பேசாமல், மீன்குழம்பு ஊற்றிய மரச்சீனியைக் கண்ணீரும் மூக்குச் சளியுமாகச் சாப்பிட்டார். மீரான் சாகிபு இரண்டாம் தடவையும் போட்டார்.

திரும்பும்போது தோணியில் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். வாய் திறந்திருந்தது, என் வெள்ளைச் சட்டையெல்லாம் மீன்குழம்பு. கரை வந்தது. தோணிக்காரர் அவரை எழுப்பக் கையை நீட்டினார்.

"எழுப்பண்டாம். மாமா உறங்கட்டு, நான் இருந்துக்கிடுகேன்" என்றேன்.