போக மறுத்த அம்புக்குறி

அம்புக்குறி மறுபடியும் விலகிப் போயிற்று.

ஈபோ குவான்சா மவுஸை மெல்ல நகர்த்தி, 'அனுப்பு' என்ற நீலப் பொத்தானுக்கு மேலே அதைச் சரியாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். விரலை அழுத்தப் போகும் நேரத்தில் அது வழுக்கியது. பொத்தானின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்து திரையில் மேல்நோக்கி ஏறி, கடிதத்தின் தலைப்பில் இருந்த ஒரு தொலைபேசி எண்ணின் மீது உட்கார்ந்துகொண்டது.

"பஸ் குலுங்குது, அதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"பஸ் நின்னுக்கிட்டு இருக்கு தம்பி" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

உண்மைதான். அக்ராவிலிருந்து தக்கோராடி போகும் அந்தப் பேருந்து கசோவா நெரிசலில் நங்கூரம் போட்டதுபோல நின்றுகொண்டிருந்தது. வெளியே ஹார்மட்டான் காற்று பாலைவனத்துத் தூசியைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கடைகள் இல்லை, மரங்கள் இல்லை, வானம் இல்லை. வெள்ளைப் புழுதிக்குள்ளிருந்து தலையில் கூடை சுமந்த பெண்கள் திடீரென்று முளைத்து, ஜன்னலோரம் வாழைக்காய் வறுவலை நீட்டிவிட்டு, திடீரென்று கரைந்துபோனார்கள்.

ஈபோ மவுஸைத் திருப்பி அதன் வயிற்றைச் சட்டைநுனியால் துடைத்தான். நேற்றுதான் வாங்கியது. அதை வாங்குவதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வார நாட்களில் அவன் ஒரு மீன் கம்பெனியின் மேற்பார்வையாளன்; மடிக்கணினியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் குளிர்கிடங்குகளைப் பார்க்கப் போகிறவன். சனிக்கிழமைகளில் சர்ச் வாலிபர் சங்கத்தின் பீரங்கி வண்டிக் கணினி விளையாட்டில் நட்சத்திர வீரன். விளையாட்டுக்கு என்றால் மவுஸ் தொட்டதும் பாய வேண்டும், குறி பிசகக் கூடாது. பயணத்துக்கு என்றால் சட்டைப்பையில் அடங்க வேண்டும், சொடுக்கினால் பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது, மேசை இல்லாத இடத்தில் தொடைமேல் வைத்தாலும் ஓட வேண்டும்.

"ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணே வேணும்" என்று அவன் கேட்டபோது, 'கர்த்தர் நடத்துவார் கம்ப்யூட்டர்ஸ்' கடைக்காரர் டெட்டே தலையில் கைவைத்துக்கொண்டார். "வயலை உழவும் வேணும், அதுலயே ஏறி கல்யாணத்துக்கும் போகணும்கிற."

ஆனாலும் மனிதர் சலிக்கவில்லை. அங்கெல்லாம் விற்ற பொருளைத் திருப்பி வாங்கும் பேச்சே கிடையாது. அதனால் வாங்குகிறவர் கண்முன்னே ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பார்கள். டெட்டே கம்பியில்லா மவுஸின் சிக்னலை வாங்கும் ஒரே ஒரு ரிசீவரைத் தன் கணினியில் செருகி வைத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாகப் பிரித்து, இவனுக்கும் கூட நின்றவர்களுக்கும் ஒன்று மாற்றி ஒன்றாக ஓட்டிக் காட்டினார். விளக்கு மினுக்கியது வேண்டாம், செங்கல் மாதிரி கனத்தது வேண்டாம், குழந்தைக் கைக்கு மட்டும் பொருந்துவது வேண்டாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் இந்தக் கறுப்பு மவுஸ் வந்தது. லேசானது. சத்தமில்லாதது. "எடுத்துட்டுப் போ. சொன்ன பேச்சு கேக்கும்" என்றார் டெட்டே.

நேற்று சாயங்கால விளையாட்டில் நன்றாகத்தான் கேட்டது. இன்று, இந்த ஒரு கடிதத்துக்குத்தான் கேட்கவில்லை.

ஈபோ தொடையிலிருந்து மவுஸை எடுத்துப் பக்கத்து இருக்கைக்காரியின் சாப்பாட்டு டப்பா மூடிமேல் வைத்துப் பார்த்தான். அவள் பெயர் மாமே எகுவா. மான்கெசிம் சந்தையில் துணி வியாபாரம். இரண்டு இருக்கைக்குப் பணம் கட்டாமலே இரண்டில் உட்கார்ந்திருந்தவள், கேட்காமலே மூடியைக் கொடுத்திருந்தாள்.

அம்புக்குறி நீலப் பொத்தானை நெருங்கியது. நின்றது. யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு, அடுப்புப் பக்கம் போன குழந்தையின் கையைப் பிடித்துத் தாய் விலக்குவாளே, அவ்வளவு மென்மையாக விலகி, மறுபடி அந்த எண்ணின் மேல் போய் நின்றது.

ஈபோ மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, பாத்தீங்களா?"

"நான் அப்பலேர்ந்து அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். அதுக்கு விருப்பமில்ல."

"எதுக்கு விருப்பமில்ல?"

"மவுஸுக்கு."

விசைப்பலகையாலேயே அனுப்பிவிடலாம் என்று அவன் இரண்டு கையையும் எடுத்து விசைகளின் மேல் வைத்தான். வைத்ததுதான் தாமதம், தொட ஆளில்லாத மவுஸ் மூடிமேல் அசையாமல் கிடக்க, அம்புக்குறி தானாகப் புறப்பட்டு மூலைக்குப் போய்க் கடிதத்தையே மூடிவிட்டது.

"ஜீசஸ்!" என்று கத்தினாள் மாமே எகுவா. "பாஸ்டர்! பாஸ்டர், இங்க வாங்க!"

பேருந்து புறப்பட்டதும் பிரயாணத்துக்காக ஜெபம் செய்து, ஜெபம் முடிந்ததும் மூட்டுவலித் தைலம் விற்றுக்கொண்டிருந்த பிரதர் அனமான் தைலப் பெட்டியோடு நடைபாதையில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கண்ணை மூடினார்.

"பிரதர், இந்தப் பொருளை எங்க வாங்கினீங்க?"

"சர்க்கிள் சந்தையில, டெட்டே கடையில. ஒரே ரிசீவர்ல பல மவுஸை ஓட்டிக் காட்டித்தான் குடுத்தார்."

"எத்தனை கை பட்டுச்சோ" என்று பெருமூச்சு விட்டார்.

"கொஞ்சம் தைலம் தடவிப் பாருங்க பாஸ்டர்" என்றது ஒரு பின்சீட்டுக் குரல்.

தைலம் வேண்டாம், ஜெபம் போதும் என்றான் ஈபோ. அனமான் ஒரு கையை மவுஸின் மீதும் மறு கையை வானத்தை நோக்கியும் வைத்தார். பேருந்தே எழுந்து நின்றது. "இதற்குள் வந்து குடியிருக்கிறது எதுவானாலும்..." என்று அவர் குரலை உயர்த்தியபோது, அம்புக்குறி சாவகாசமாகத் திரையைக் கடந்து பீரங்கி விளையாட்டின் படத்தை இரண்டு முறை சொடுக்கியது.

பீரங்கி முழங்கியது. தொடர்ந்து ஒரு கரகரத்த ஆண்குரல் மடிக்கணினிக்குள்ளிருந்து கட்டளையிட்டது: "எதிரி உன் பின்னால்!"

பேருந்திலிருந்த அத்தனை பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைப் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "யாரா இருந்தாலும் டிக்கெட் எடுத்திருக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஈபோ விளையாட்டை மூடி, மவுஸைக் கவிழ்த்து, அதன் வயிற்றிலிருந்த சிறு பொத்தானைத் தள்ளி அணைத்தான். சிவப்பு வெளிச்சம் செத்தது. அணைந்த மவுஸை மாமே எகுவாவின் கையில் கொடுத்துவிட்டு, போலீஸிடம் பிடிபட்டவன்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டான்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

மெதுவாக, மிக மெதுவாக, அம்புக்குறி கிளம்பியது. மூடியிருந்த கடிதத்தைத் திறந்தது. மேலே ஏறியது. அதே எண்ணின் கீழே போய் நின்றது. படிக்கத் தெரியாதவர்களுக்கு விரல் வைத்துக் காட்டுவது மாதிரி, இடமிருந்து வலமாக ஒருமுறை ஊர்ந்தும் காட்டியது.

"அது யாரு நம்பர் தம்பி?" என்று மாமே எகுவா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

ஈபோவால் மறைக்க முடியவில்லை. "ஆர்ஹின்னு ஒருத்தன். தக்கோராடி கிடங்குல காவல். வேலையை விட்டு எடுக்கிற கடிதம் இது. மதியத்துக்குள்ள அனுப்பியாகணும்னு முதலாளியம்மா உத்தரவு."

"நீயே தக்கோராடிக்குத்தானே போற? நேர்ல சொல்ல வேண்டியதுதானே."

ஈபோ தலையைக் குனிந்துகொண்டான். நேரில் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் பேருந்திலிருந்தே அனுப்பப் பார்த்தான். ஆர்ஹினின் மனைவிக்கு இது மாசம் நெருங்கிய வயிறு. போன முறை போனபோது அவள்தான் சோள மாவில் அவித்த கெங்கேயும் பொரித்த மீனும் வைத்துப் பரிமாறினாள்.

"என்ன பண்ணான் அந்த ஆள்?"

"கிடங்கைப் போட்டுட்டுப் போயிட்டான் அக்கா. ஆபீஸ்லேர்ந்து போய்ப் பாத்தா ஆளும் இல்ல, மீனும் இல்ல. போனையும் அணைச்சு வச்சுட்டான்."

"ஏன் போனான்னு கேட்டியா?"

"அதான் போன் அணைஞ்சிருந்துச்சே."

"அன்னைக்கு. அதுக்கப்புறம்?"

ஈபோ ஜன்னலைப் பார்த்தான். அங்கே அவன் முகம்தான் தெரிந்தது.

"கேக்கலை" என்றான்.

"அப்ப அது கேக்கச் சொல்லுது" என்றாள் மாமே எகுவா. திரையைக் காட்ட அவள் விரல் நீட்டவில்லை. அந்தப் பக்கம் கை போகவே பயம்.

அவன் தன் போனை எடுத்து அந்த எண்ணை அழுத்தினான். எல்லோருக்கும் கேட்கும்படி வை என்றது பேருந்து. வைத்தான்.

"சார்!" என்றது ஆர்ஹினின் குரல், ஓடி வந்தவன்போல. "இன்னைக்குக் காலையிலதான் சார் கரண்ட் வந்துச்சு, இப்பத்தான் போனுக்கே உயிர் வந்துச்சு. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"மீன் எங்க ஆர்ஹின்?"

"பத்திரமா இருக்கு சார். அதாவது... ஊர் பூரா இருக்கு."

"என்னது?"

"ஜெனரேட்டரும் படுத்துடுச்சு சார். கைவண்டியில ஏத்திக்கிட்டு, ஜெனரேட்டர் ஓடுற வீடா பாத்துப் பாத்துக் கெஞ்சினேன். சர்ச் பெண்கள் சங்கத்து ஃப்ரீசர்ல கொஞ்சம். தலைமையாசிரியர் வீட்ல கொஞ்சம். முடி பின்ற கடையம்மா, கூல்டிரிங்க்ஸ் பெட்டியையே காலி பண்ணிக் குடுத்தாங்க சார். ஆபீஸ்காரங்க வந்தப்ப நான் கடைசி நடை போயிருந்தேன். யாரும் ஒரு மீனைக்கூடத் தொடல. அந்தக் கடையம்மா மட்டும் குழம்புக்கு ரெண்டு கானாங்கெளுத்தி கேட்டாங்க, மனசு கேக்காம குடுத்துட்டேன். அதை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

மாமே எகுவா முந்தானைத் துணியால் மூக்கைச் சிந்தினாள். பின்சீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

"ஒண்ணும் பிடிக்க மாட்டேன்" என்றான் ஈபோ. "வந்துக்கிட்டே இருக்கேன். நானும் சேர்ந்து தள்றேன் கைவண்டியை."

மவுஸை வாங்கி உயிர்ப்பித்தான். இப்போது அது ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. கடிதத்தை அழித்தான். முதலாளியம்மாவுக்கு நடந்ததை எழுதி, நீலப் பொத்தானை அழுத்தினான். முதல் சொடுக்கிலேயே போயிற்று.

ஆனால் பயம் போகவில்லை. "இதை ஜன்னல் வழியா வீசிடட்டுமா பாஸ்டர்?" என்று கேட்டான்.

பிரதர் அனமான் இருபுறமும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார். "பிரதர், நான் வீட்ல இருக்கிற நாள்ல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவன். இப்பத்தான் யோசிச்சேன். கடைக்காரர் ஒரே ரிசீவர்ல பல மவுஸைச் சேர்த்து ஓட்டினார்னு சொன்னீங்கல்ல? அந்த ரிசீவரையே உங்க பெட்டியில போட்டுட்டார்னா, அதோட சேர்ந்த இன்னொரு மவுஸும் உங்க திரையை ஆட்டும். பக்கத்துல இருந்தாப் போதும்." நிமிர்ந்து குரலைத் தூக்கினார். "நேத்து சர்க்கிள்ல, டெட்டே கடையில, கறுப்பு மவுஸ் வாங்கினவங்க யாராவது உண்டா?"

முன்வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது. மேடம் அராபா எசுமன், கேப் கோஸ்ட்டில் தையல் பள்ளி நடத்துகிறவர். "நான் வாங்கினேன். என் மகளுக்கு. இங்க இடமில்லன்னு பையை அந்தத் தம்பி தலைக்கு மேலதான் வச்சேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஈபோவின் தலைக்கு மேலே, சாமான் தட்டில், ஒரு பூப்போட்ட பை சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பேருந்து வெடித்துச் சிரித்தது. அழுத குழந்தையும் சிரித்தது. பையில் மவுஸ் உருண்டிருக்கிறது, திரையில் அம்பு ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்! மாமே எகுவா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு துண்டு பொரித்த வாழைப்பழம் கொடுத்தாள். அனமானின் தைலமும் அன்றைக்கு நன்றாக விற்றது. ஈபோ வெட்கத்தோடு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது; ஏனென்று அவனுக்கே தெரியவில்லை.

கேப் கோஸ்ட்டில் மேடம் அராபா இறங்க எழுந்தார். ஈபோ பையை இறக்கிக் கொடுத்து, "நீங்க தப்பா நினைக்கலன்னா, ரிசீவர் எது யாருதுன்னு பாத்துடலாமா மேடம்?" என்றான்.

"பாரேன்" என்று அவர் பெட்டியைத் திறந்து, மவுஸைக் கவிழ்த்து, மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். வெளியே புழுதி இன்னும் கலையவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

"பாஸ்டர் சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல தம்பி" என்றார் மேடம் அராபா. "கடைக்காரர் ஓட்டிக் காட்டி முடிச்சதும் தன்னோட பேட்டரியை உருவிக்கிட்டார்; நான் இன்னும் வாங்கிப் போடவே இல்லையே?"